வாழைப்பழத் தோலுக்கு இரண்டு வழிகள்

வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டுத் தோலை எறிகிறீர்கள். அது எங்கே போகிறது? 'குப்பைக் கூடைக்கு' என்று சட்டென்று பதில் சொல்வீர்கள். கூடையிலிருந்து? தெருமுனைத் தொட்டிக்கு, அங்கிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து நகரத்தின் ஓரத்தில் உள்ள குப்பைமேட்டுக்கு. அதற்குப் பிறகு? 'மக்கிப் போய்விடும்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

மக்குவது உண்மைதான். ஆனால் மக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றோடு மக்குவது ஒன்று. காற்றில்லாமல் மக்குவது மற்றொன்று. முதல் வழியில் போன தோல் சில மாதங்களில் மண்வாசனை வீசும் கரிய உரமாகிவிடும். இரண்டாவது வழியில் போன தோல் நாற்றமாகவும், கறுப்பு நீராகவும், தீப்பற்றக்கூடிய வாயுவாகவும் மாறும். தோல் ஒன்றே; அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் நம்மைச் சுற்றி எங்கும் இருப்பவையே. எந்த வழியில் அது போகும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. அந்தக் காற்றைக் கொடுப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்பவர் தோலை எறியும் நீங்கள்.

இது எப்படி என்று சற்று விவரமாகப் பார்ப்போம். கொஞ்சம் கணக்கும் போடுவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எருக்குழியில் எழும் ஆவி

கிராமத்தில் உறவினர் இருந்தால், மார்கழி மாத விடியற்காலையில் எருக்குழியைக் கிளறும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளிருந்து வெள்ளையாக ஆவி எழும். கையை அருகே கொண்டு சென்றால் சுடும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் அது உள்ளே சூடேறிக் கருகும். சில சமயம் தானே தீப்பற்றிக் கொள்வதும் உண்டு. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

நம் உடம்பில் சூடு எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுப்பொருள், மூச்சில் உள்ளிழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. அப்போது ஆற்றல் வெளிப்படுகிறது. எருக்குழியில் இருக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு பாக்டீரியாவின் சூடு நமக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை மக்கிய உரத்தில் கோடிக்கணக்கில் அவை இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து மூச்சு விடும்போது குழியே சூடாகிறது.

எவ்வளவு சூடு? சர்க்கரை, மாவு, நார் போன்ற மாவுப்பொருள் 1 கிராம் முழுவதும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஏறத்தாழ 4 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ காய்கறிக் கழிவை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; திடப்பொருள் 200 கிராம் என்று வையுங்கள். அதில் பாதி, அதாவது 100 கிராம், காற்றோடு மக்கினால் 400 கிலோ கலோரி வெளிவரும். 1 கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 1 கிலோ கலோரி போதும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வெப்பம் முழுவதும் வெளியேறாமல் அப்படியே தங்கினால், அந்த ஒரு கிலோ கழிவின் வெப்பநிலை 400 டிகிரி ஏற வேண்டும்!

வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டால் மாணவர்கள் உடனே கேட்பது, 'அப்படியானால் குப்பைத் தொட்டி ஏன் உருகவில்லை?' என்பதுதான். நல்ல கேள்வி. காரணங்கள் மூன்று. முதலாவது, இந்த வெப்பம் ஒரே நாளில் வருவதில்லை. பல வாரங்களில் சிறிது சிறிதாக வருகிறது. இரண்டாவது, பக்கங்கள் வழியாக அது வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. கழிவிலுள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 50 டிகிரியில் 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 570 கலோரி வேண்டும். நம் 400 கிலோ கலோரி கிட்டத்தட்ட 700 கிராம் நீரை ஆவியாக்கிவிடும். ஈரமும் பாரமுமாகப் போட்ட கழிவு, உலர்ந்து இலேசாகி, அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது இதனால்தான். கழிவு தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது.

காற்று இல்லாத இடத்தில்

இப்போது அதே தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பைமேட்டுக்கு அனுப்புவோம். அதன் மேல் நாளை ஒரு லாரிக் குப்பை விழும், மறுநாள் இன்னொன்று. பல மீட்டர் ஆழத்தில், ஈரத்தில், பாரத்தில் அது அமுங்கிக் கிடக்கும். உள்ளே இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். பிறகு?

ஆக்சிஜனே தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை மாவுப்பொருளை முதலில் அமிலங்களாக்கும். நாற்றம் இப்போது தொடங்கும். இறுதியில் அதைக் கரியமில வாயு, மீதேன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிக்கும். மீதேன் என்பது சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயுதான்.

இங்கே ஆற்றல் கணக்கைப் பாருங்கள். 180 கிராம் குளுக்கோஸ் காற்றோடு முழுவதும் மாறினால் ஏறத்தாழ 670 கிலோ கலோரி வெளிவரும். அதே 180 கிராம் காற்றில்லாமல் மாறினால் 48 கிராம் மீதேன் கிடைக்கும். அந்த மீதேனை எரித்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ 640 கிலோ கலோரி. அப்படியானால் காற்றில்லாத வழியில் வெளிப்பட்ட ஆற்றல் வெறும் 30 கிலோ கலோரி. நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை! மீதி தொண்ணூற்றைந்து பங்கும் எரிபொருளாக மீதேனில் ஒளிந்திருக்கிறது.

இதுதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. காற்றுள்ள தொட்டியில் தோலின் ஆற்றல் மெல்லிய சூடாக அன்றாடம் கலைந்துவிடுகிறது. காற்றில்லாத மேட்டில் அது கலையாமல் எரிவாயுவாகச் சேர்கிறது. சாண எரிவாயுக் கலன்போல மூடிய கலத்தில் பிடித்து அடுப்புக்கு அனுப்பினால் அது செல்வம். பிடிக்க ஆள் இல்லாமல் மேட்டின் வெடிப்புகள் வழியே கசிந்தால் அது ஆபத்து.

சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் என்ற இரண்டு இடங்களில் பல பத்தாண்டுகளாகக் குப்பை குவிக்கப்பட்டது. பெருங்குடி மேடு எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் வந்து தங்கும் அந்த நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே 2022 ஏப்ரலில் பெருங்குடி மேட்டில் தீப்பற்றியது. புகை அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. கொச்சி நகரின் பிரம்மபுரம் கிடங்கில் 2023 மார்ச்சில் பிடித்த தீயை முழுவதும் அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. இப்படிப்பட்ட தீயை ஏன் எளிதில் அணைக்க முடிவதில்லை? மேற்பரப்பில் நீரைப் பாய்ச்சினாலும் அடியில் பிளாஸ்டிக்கும் துணியும் கனன்றுகொண்டே இருக்கின்றன. மக்கும் கழிவிலிருந்து வந்த மீதேன் அதற்கு எண்ணெய் வார்க்கிறது.

தீப்பற்றாவிட்டாலும் கெடுதல் உண்டு. காற்றில் கலந்த மீதேன் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. நூறு ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், 1 கிலோ மீதேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்கிறது. மேட்டின் அடியில் ஊறும் கறுப்பு நீரோ நிலத்தடி நீரைப் பாழாக்குகிறது.

காற்றுக்கும் நீருக்கும் போட்டி

'அப்படியானால் கழிவைத் திறந்த வாளியில் போட்டு வைத்தால் போதுமே. காற்று தானே வந்துவிடாதா?' என்று நீங்கள் நினைக்கலாம். செய்து பாருங்கள். மூன்றாம் நாளே வீட்டார் உங்களை வாளியோடு வெளியே அனுப்பிவிடுவார்கள்! வாளி திறந்திருந்தாலும் உள்ளே காற்று இல்லை. ஏன்?

கழிவுத் துண்டுகளுக்கு நடுவே சின்னஞ்சிறு இடைவெளிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிகளில் காற்று இருக்கலாம் அல்லது நீர் இருக்கலாம். காற்று இருந்தால் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதன் ஊடே எளிதில் பரவிச் செல்லும். நீர் இருந்தால் அவை திணறும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மந்தம். ஒரு சென்டிமீட்டர் தூரம் பரவிச் செல்ல, அசையாத காற்றில் சில விநாடிகள் போதும். அசையாத நீரில் சுமார் ஏழு மணி நேரம் ஆகும். அதற்குள் வழியிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தக்காளியும் பூசணியும் கொழகொழவென்று படிந்த வாளியில் ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே இருப்பது, பிராணவாயுவைப் பொறுத்தவரை, குப்பைமேட்டின் அடித்தளம்தான்.

அதற்காக நீரே இல்லாமலும் முடியாது. நுண்ணுயிர்கள் ஈரப் படலத்தில் வாழ்பவை. காய்ந்த வைக்கோல் ஆண்டுக்கணக்கில் மக்காமல் இருப்பதைப் பார்க்கிறோமே! எடையில் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு நீர் இருந்தால் துண்டுகளின் மேல் ஈரப் படலமும் இருக்கும், நடுவே காற்றும் இருக்கும். இதை அளக்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான ஈரம். தாரையாக வடிந்தால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு.

சமையலறையும் தோட்டமும்

சமையலறைக் கழிவில் ஈரம் அதிகம், இடைவெளி குறைவு. இதற்கு நேர் எதிரான பொருள் எது? மரத்தடியில் உதிரும் சருகு. ஈரமே இல்லை, இடைவெளியோ ஏராளம். நகரத்தில் நாம் என்ன செய்கிறோம்? சமையலறைக் கழிவைப் பையில் கட்டி அனுப்புகிறோம். சருகைத் தெருவோரம் கூட்டிக் கொளுத்துகிறோம். ஒன்று மீதேனாகிறது, மற்றொன்று புகையாகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் உரமாகிறது!

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் குறிப்பிட்ட விகிதத்தில் வேண்டும். அவை தம் உடலைக் கட்ட, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு கார்பன் தேவை. ஆற்றலுக்காக 'எரிக்க' மேலும் இருபது பங்கு கார்பன் தேவை. ஆக, நல்ல கலவையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருக்க வேண்டும். காய்கறிக் கழிவில் இது 15 அல்லது 20 பங்குதான். காய்ந்த இலைகளில் 40 முதல் 80 பங்கு வரை இருக்கும். மரத்தூளில் சில நூறு பங்கு!

காய்கறிக் கழிவை மட்டும் போட்டால் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். மூக்கைத் துளைக்கும் நெடி அதனால் வருவது. மரத்தூளை மட்டும் போட்டால் நைட்ரஜன் போதாமல் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். மாதங்கள் போனாலும் தூள் தூளாகவே இருக்கும். இரண்டையும் கலந்தால் கணக்குச் சரியாகிறது.

இந்தூரும் பெங்களூரும்

மக்கு உரம் செய்வது நம் உழவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதை அளந்து, ஆராய்ந்து, எவரும் செய்யத்தக்க முறையாக ஆக்கியதில் இந்தியாவின் இரண்டு ஊர்களுக்குப் பங்கு உண்டு.

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அங்கு யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிஞருடன் சேர்ந்து இலை தழை, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, உரிய காலத்தில் புரட்டிப் போட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரம் எடுக்கும் முறையை வகுத்தார். இருவரும் எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. 'இந்தூர் முறை' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. குவியலை மிக உயரமாக்காதே, அமுங்கவிடாதே, புரட்டிக் காற்றுக் கொடு என்பதே அதன் சாரம்.

நகரக் கழிவுக்கென்று பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வேறொரு முறையை உருவாக்கினார். குழியில் கழிவை அடுக்கி மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். முதல் சில நாட்கள் காற்றோடும், பிறகு காற்றில்லாமலும் அது மக்கும். புரட்டும் கூலி மிச்சம்; ஆனால் உரமாக ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்கும். காற்றுக் கொடுத்தால் விரைவு, காற்றை மறுத்தால் தாமதம் என்ற நம் ஆற்றல் கணக்கு இங்கும் பொருந்துகிறது அல்லவா?

மாடியில் ஒரு தொட்டி

இனி, உங்கள் வீட்டு மொட்டை மாடியிலோ பால்கனியிலோ செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முப்பது நாற்பது லிட்டர் பிடிக்கும் பழைய பிளாஸ்டிக் வாளி அல்லது மண்தொட்டி இரண்டு போதும். வாளியானால் பக்கங்களிலும் அடியிலும் பென்சில் நுழையும் அளவில் துளைகள் போட்டுத் தாருங்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியிலிருந்தும் காற்றுப் புக வேண்டும். அடியில் ஒரு தட்டு வைத்தால் சொட்டும் நீர் தரையைக் கெடுக்காது. ஆனால் அந்தத் தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். ஆகவே தினமும் கவிழ்த்துவிடுங்கள்.

தொட்டியின் அடியில் நான்கு விரற்கிடை உயரத்துக்குத் தேங்காய் நாரும் சுள்ளியும் பரப்புங்கள். அன்றாடம் சேரும் காய்கறித் தோல், பழத்தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை, முட்டை ஓடு, வாடிய பூ ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கிப் போடுங்கள். துண்டு சிறிதானால் பரப்பு பெரிதாகும். நுண்ணுயிர்கள் வாய் வைக்க இடம் அதிகமாகும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் சருகு போட்டு மூட வேண்டும். இது எடைக் கணக்கல்ல, கொள்ளளவுக் கணக்கு. சருகு கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் தென்னை நார்க்கழிவோ, கிழித்த செய்தித்தாளோ, மரத்தூளோ உதவும். தொடக்கத்தில் ஒரு பிடி பழைய உரமோ, சாணக் கரைசலோ, புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குச்சியால் அடி வரை கிளறுங்கள். கிளறுவதுதான் தொட்டிக்கு மூச்சுக் கொடுப்பது. தொட்டி நிறைந்ததும் ஓரமாக வைத்து இரண்டாவது தொட்டியைத் தொடங்குங்கள். அது நிறைவதற்குள் முதல் தொட்டி பெரும்பாலும் தயாராகிவிடும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைச் சிறு தொட்டியில் போடாதீர்கள். எலியும் பூனையும் தேடி வரும். மிஞ்சிய சோறு சிறிதளவானால் பரவாயில்லை, சருகு கூடுதலாகப் போடுங்கள். தொட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்கவேண்டாம்.

உங்கள் தொட்டி ஏன் சுடுவதில்லை?

எருக்குழியில் ஆவி எழுகிறது. உங்கள் தொட்டியோ வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். இது வடிவகணிதத்தின் வேலை.

30 செ.மீ. பக்கமுள்ள ஒரு கன சதுரத்தையும் 90 செ.மீ. பக்கமுள்ள மற்றொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவதின் கொள்ளளவு 27 லிட்டர். இரண்டாவது 729 லிட்டர். கொள்ளளவு 27 மடங்கு. ஆகவே வெப்ப உற்பத்தியும் 27 மடங்கு. ஆனால் வெளிப்பரப்பு 9 மடங்குதான் பெருகிற்று. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக. ஆக, பெரிய குவியலில் ஒவ்வொரு லிட்டர் கழிவும் வெளியே விடும் பங்கு, சிறியதில் விடுவதில் மூன்றில் ஒன்று. எலிக்குஞ்சு விரைவில் குளிர்ந்துவிடுவதும் யானை அப்படிக் குளிராததும் இதே காரணத்தால்தான்.

ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள குவியல் சில நாட்களிலேயே 55, 60 டிகிரிக்கு ஏறிவிடும். அந்தச் சூட்டில் மூன்று நாள் இருந்தால் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடியும். களை விதைகளும் முளைக்கும் திறனை இழக்கும். 70 டிகிரியை நெருங்கினால் உதவி செய்யும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும். அப்போது புரட்டிக் குளிரவைக்க வேண்டும். சிறு தொட்டியில் மிதமான சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அதே வேலையை நிதானமாகச் செய்து முடிக்கின்றன. ஆகவே நோயுற்ற செடியையும், நாய் பூனைக் கழிவையும் வீட்டுத் தொட்டியில் போடக்கூடாது. அவற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லும் சூடு அங்கே இல்லை.

மூக்கே கருவி

அழுகிய முட்டை நாற்றமா? காற்றுப் போதவில்லை; கிளறிச் சருகு சேருங்கள். அம்மோனியா நெடியா? நைட்ரஜன் அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. வாசனையே இல்லை, ஆனால் எதுவும் மாறவில்லையா? காய்ந்துவிட்டது, நீர் தெளியுங்கள். சிறு ஈக்கள் மொய்க்கின்றனவா? பழத்தோல் வெளியே தெரிகிறது. மேலே சருகுப் போர்வை போடுங்கள். வெண்மையான பருத்த புழுக்கள் நெளிகின்றனவா? பெரும்பாலும் அவை படைவீரன் ஈ என்ற பூச்சியின் புழுக்கள். கடிக்கமாட்டா, கழிவைத் தின்று வேலையை விரைவாக்கும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் ஈரத்தைக் குறையுங்கள், குறைந்துவிடும்.

கடைசியில் மழைக்குப் பின் எழும் மண்வாசனை தொட்டியிலிருந்து வரும். அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் 'ஜியோஸ்மின்' என்ற பொருள். மண்ணிலும் மக்கு உரத்திலும் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. அந்த வாசனை வந்தால் உரம் தயாராகி வருகிறது என்று பொருள்.

செய்து பாருங்கள்

1. மூச்சைப் பார்க்க: ஒரு கைப்பிடி பாதி மக்கிய கழிவை அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடியில் இடுங்கள். அதனுள்ளே சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர் வைத்து மூடுங்கள். கழிவு இல்லாத இன்னொரு சாடியிலும் அவ்வாறே வையுங்கள். மறுநாள் எது அதிகம் பால்போல் வெளுத்திருக்கிறது? ஏன்? சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. சூட்டை அளக்க: பள்ளித் தோட்டத்தில் ஆசிரியர் துணையுடன் ஒரு மீட்டர் உயரக் குவியல் அமையுங்கள். ஆய்வகத் தெர்மாமீட்டரால் தினமும் அதே நேரத்தில் குவியலின் நடுவிலும், நிழலில் காற்றிலும் வெப்பநிலையைக் குறியுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். இருபது நாளுக்கு வரைபடம் வரையுங்கள். புரட்டிய மறுநாள் கோடு எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள்.

3. உரம் முதிர்ந்ததா என்று அறிய: ஒரு பங்கு உரமும் மூன்று பங்கு மண்ணும் கலந்த கலவையில் பத்து வெந்தய விதைகளையும், வெறும் மண்ணில் பத்து விதைகளையும் விதையுங்கள். உரக் கலவையில் முளைப்பது குறைந்தால் உரம் இன்னும் முதிரவில்லை.

ஒரு வீட்டால் என்ன ஆகும்?

உங்கள் வீட்டில் ஒரு வாரம் கழிவை எடை போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு அரைக் கிலோ சமையலறைக் கழிவு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு திடப்பொருள். அதிலும் பாதி, அதாவது 18 கிலோ, காற்றில்லாமல் மக்கினால் ஏறத்தாழ 5 கிலோ மீதேன் உண்டாகலாம். அது அப்படியே காற்றில் கலந்தால் 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு தன் கழிவைத் தானே மக்கவைத்தால் ஆண்டுக்கு 18 டன் ஈரக் குப்பை லாரி ஏறாது.

இன்னொரு இலாபமும் உண்டு. ஈரக் கழிவு கலக்காத காகிதமும் பிளாஸ்டிக்கும் சுத்தமாக இருக்கும். பழைய பொருள் வாங்குபவர் அதை எடுத்துக்கொள்வார். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. அந்தப் பாட்டைப் படுபவர்கள், நாற்றத்தின் நடுவே வெறுங்கையால் கிளறும் துப்புரவுத் தொழிலாளர்கள். தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் ஒரு நிமிட வேலை.

சிந்திக்கச் சில வினாக்கள்

மழைக்காலத்தில் மூடியில்லாத தொட்டி ஏன் நாறுகிறது? அமுக்கி அமுக்கிக் கழிவை அடைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் எது குறையும்? 60 செ.மீ. பக்கமுள்ள கன சதுரத் தொட்டியில் ஒரு லிட்டருக்கு வெளியேறும் வெப்பம், 30 செ.மீ. தொட்டியில் வெளியேறுவதில் எத்தனை பங்கு? விடைகளை மேலே படித்ததிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தொட்டியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. நாளைக் காலை வாசல் கூட்டும்போது, சருகைக் கொளுத்த வேண்டாம் என்று சொல்லி ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்; அதிலிருந்து தொடங்கலாம்.